ஒரு டைமண்ட் கட்டத்தின் கதை

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.]

போன எபிசோடைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். "பழைய ஃபைல் புது சாஃப்ட்வேரில் திறந்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்கு மேல் இதில் என்ன வரலாறு இருக்கிறது?" என்பது அவர் கேள்வி. நல்ல கேள்விங்க. திறக்காத ஃபைலைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் கவலை இல்லை. திறக்கவில்லை என்பதை அதுவே சொல்லிவிடும், நாமும் விவரம் தெரிந்த ஆளைத் தேடி ஓடுவோம். எனக்குப் பயம் வேறு ஒன்றைப் பற்றி. ஒழுங்காகத் திறக்கும், பார்க்கப் பழைய மாதிரியே இருக்கும், அர்த்தம் மட்டும் மாறிப்போயிருக்கும்.

அப்படி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன்னால், ஆலைகளின் பாய்லர்களுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். பழைய மென்பொருளைப் புதிதாக எழுதுவது என்று முடிவானது. அதற்கு ஆதாரமாகக் கையில் இருந்தவை, எனக்கு முந்தைய தலைமுறை எஞ்சினியர்கள் வரைந்து வைத்திருந்த 43 படங்கள். பெட்டி, அம்பு, டைமண்ட் கட்டம் போட்ட படங்கள். பழைய டூலில் இருந்தவற்றைப் புது டூலுக்கு மாற்றினோம். ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம்.

புது டூலில் ஒரு வசதி இருந்தது, படத்தை ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒரு சின்னப் பச்சைப் புள்ளி அம்புகள் வழியாக ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்து போகும். ஒரு மத்தியானம் சும்மா ஒரு படத்தை ஓடவிட்டேன். படம் இதுதான்: பாய்லரில் என்ன கோளாறு என்று ஒரு டைமண்ட் கட்டம் கேட்கும். நீர்மட்டம் குறைந்திருந்தால் இடப்பக்க அம்பு. அங்கே 'நீர்மட்ட எச்சரிக்கை' என்று ஒரு பெட்டி. அழுத்தம் கூடியிருந்தால் வலப்பக்க அம்பு. அங்கே 'அழுத்த எச்சரிக்கை'. இரண்டு பெட்டிகளிலிருந்தும் அம்புகள் இறங்கி வந்து கீழே ஒரே பெட்டியில் சேரும்: 'எரிபொருளை நிறுத்து'.

நீர்மட்டம் குறைவு என்று வைத்து ஓடவிட்டேன். புள்ளி இடப்பக்கம் போனது, எச்சரிக்கைப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வந்தது, கீழே இறங்கி 'எரிபொருளை நிறுத்து' பெட்டியின் வாசலில் நின்றது. நின்றது நின்றதுதான். உள்ளே போகவே இல்லை.

டூலில் ஏதோ பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். டூல் சரியாக இருந்தது. வரைந்தவரும் சரியாகத்தான் வரைந்திருந்தார். இரண்டுக்கும் நடுவில், படம் வரையும் மொழி மாறியிருந்தது. அந்த மாற்றத்தைப் பிறகு சொல்றேன். அதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை.

ஒரு துறையில் வேலை செய்கிறவர்கள் தங்கள் விஷயத்தைத் தங்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ள ஒரு சின்ன மொழி வேண்டும் என்று நினைப்பது இயல்பு. அப்படிச் செய்த மொழிகளைத் துறைசார் மொழி என்போம். 1990களில் நோக்கியாவில் ஃபோன் மென்பொருளை அப்படி ஒரு பட மொழியில் வரைந்தார்கள். மெனு, பட்டன், குறுஞ்செய்தி என்று ஃபோன் எஞ்சினியர் வாயில் புழங்கும் சொற்களே படத்தில் இருக்கும். வரைந்த படத்திலிருந்து நிரல் பிறக்கும். அப்படி வரைந்த ஒவ்வொன்றும் ஒரு மாடல். எந்தெந்தப் பெட்டி உண்டு, எந்த அம்பு எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று அந்த மொழிக்கு ஓர் இலக்கணம் இருக்கும் இல்லையா, அதற்கு மெட்டாமாடல் என்று பெயர். மாடலைப் படித்து வேலை செய்வது டூல்.

சிக்கல் எங்கே என்றால், துறை மாறினால் மொழியும் மாற வேண்டும். ஃபோனில் கேமரா வந்தால் மொழியிலும் கேமரா வர வேண்டும். மொழி மாறிய அன்று, நேற்று வரை எழுதிய மாடல்கள் எல்லாம் பழைய இலக்கணத்தில் நிற்கும். டூல் புது இலக்கணத்தை எதிர்பார்க்கும். நோக்கியாவில் பயன்பட்ட மெட்டாஎடிட் என்ற டூல் ஃபின்லாந்தின் யிவாஸ்கிலா நகரத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. அதில் மொழியையும் மாடல்களையும் ஒரே களஞ்சியத்தில் வைத்துக்கொண்டார்கள், மொழியை மாற்றினால் மாடல்களிலும் அது உடனே தெரியும். ஒரே வீட்டுக்குள் இருக்கிற வரைக்கும் இது அருமையான வழி. மாடல்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தால்?

அதற்கு மிகப் பழைய பதில், மொழியை மாற்றாதே என்பது. இந்தப் பதிலின் புகழ்பெற்ற நினைவுச்சின்னம் உங்களில் நிறையப் பேரின் கம்ப்யூட்டரில் இருக்கும். 1976, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். யாக் என்ற டூலை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் தன் சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் விதியைத் திட்டிக்கொண்டே நுழைகிறார். காலை முழுக்க ஒரு நிரலில் பிழை தேடியிருக்கிறார். பிழையை ஏற்கெனவே திருத்திவிட்டார், ஆனால் திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டார். அதாவது மூலமும் விளைவும் ஒத்துப்போகாமல் இருந்தன. ஃபெல்ட்மனும் முந்தைய நாள் சாயங்காலம் இதே கஷ்டத்தைப் பட்டவர். எது எதை நம்பி இருக்கிறது என்று எழுதிவைத்தால், மாறியதை மட்டும் மறுபடி செய்துகொடுக்கும் ஒரு டூலை எழுதினார். அதுதான் மேக்.

மேக் கோப்பில் கட்டளை வரிகள் ஒவ்வொன்றும் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் போட்டால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யாது. இதில் மாட்டிக்கொண்டு முடியைப் பிய்த்துக்கொள்ளாத மாணவர் உண்டா? இது சரியில்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் சில வாரங்களுக்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு பேரின் கோப்புகளைக் காப்பாற்றினார், அதற்கான விலையைப் பிறகு வந்த அத்தனை பேரும் கொடுத்தார்கள். 2003-ல் மேக்குக்காக அவருக்கு ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது. டேப்புக்குப் பதில் வேறு எழுத்தை வைத்துக்கொள்ளும் வசதி க்னூ மேக்கில் வந்தது 2010-ல். 34 வருஷம்!

எனக்கு ஃபெல்ட்மன் மேல் கோபம் இல்லை. பன்னிரண்டு பேரில் ஒருவனாக நான் இருந்திருந்தால் அவருக்கு நன்றிதான் சொல்லியிருப்பேன். ஆனால் எல்லா மொழியும் அப்படி உறைந்து நிற்க முடியாது.

இப்போது என் பாய்லர் படத்துக்கு வருகிறேன். அது வரையப்பட்ட மொழி யூ.எம்.எல். கண்டிப்பாகச் சொன்னால் இது துறைசார் மொழி இல்லை, எல்லாத் துறைக்கும் பொதுவாகச் செய்தது. ஆனால் நோய் அதேதான், அதுவும் ஊரறிய வந்த நோய். 1990களின் தொடக்கத்தில் மென்பொருளைப் படமாக வரைய ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். கிரேடி பூச் மேகம் மாதிரி வரைவார், ஜேம்ஸ் ரம்பா பெட்டி போடுவார், ஈவார் யாக்கப்சன் குச்சி மனிதனை வரைந்து அவன் என்ன கேட்கிறான் என்று தொடங்குவார். மூன்று பேரும் ரேஷனல் என்ற நிறுவனத்தில் ஒன்றுசேர்ந்து ஒரு பொது மொழியை உருவாக்கினார்கள். 1997 நவம்பரில் ஓ.எம்.ஜி. என்ற தர அமைப்பு அதை யூ.எம்.எல். 1.1 என்று ஏற்றுக்கொண்டது. 2001-ல் 1.4 வந்தது. அப்புறம் ஒரு பெரிய தாவல். 2005-ல் யூ.எம்.எல். 2.0.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வும் யூ.எம்.எல்.லைத் தன் தரமாக வெளியிட்டது, 19501 என்ற எண்ணில். எந்தப் பதிப்பை? 1.4.2. எந்த வருஷம்? அதே 2005. ஒரே வருஷத்தில் ஒரு தர அமைப்பு பழைய மொழிக்கு முத்திரை குத்துகிறது, இன்னொன்று புது மொழியை வெளியிடுகிறது.

இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது? எவ்வளவோ. நான் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஆக்டிவிட்டி டயகிராம். என் பாய்லர் படம் அந்த வகைதான். யூ.எம்.எல். 1-ல் இந்த வகைப் படம் நிலை இயந்திரம் என்ற கருத்தின் ஒரு கிளையாக வைக்கப்பட்டிருந்தது. நிலை இயந்திரத்தில் நீங்கள் ஒரு நேரத்தில் ஒரு நிலையில் இருப்பீர்கள், ஏதாவது ஓர் அம்பு தள்ளினால் அடுத்த நிலைக்குப் போவீர்கள். ஆகவே ஒரு பெட்டிக்குள் இரண்டு அம்புகள் வந்தால், எது வந்தாலும் போதும், வேலை தொடங்கிவிடும்.

அலுவலக நடைமுறைகளை, பல வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதை வரைய இந்த அடித்தளம் இடைஞ்சலாக இருந்தது. அதனால் யூ.எம்.எல். 2-ல் அதை எடுத்துவிட்டு, ஜெர்மானியரான கார்ல் ஆடம் பெட்ரி 1962-ல் தன் முனைவர் ஆய்வில் முன்வைத்த பெட்ரி வலை போன்ற ஓர் அடித்தளத்தைப் போட்டார்கள். இங்கே டோக்கன்கள் ஓடும். நான் பார்த்த பச்சைப் புள்ளி அதுதான். ஒரு பெட்டிக்குள் இரண்டு அம்புகள் வந்தால், இரண்டிலும் டோக்கன் வந்து சேர்ந்த பிறகே வேலை தொடங்கும். எது வந்தாலும் போதும் என்று சொல்ல விரும்பினால், பெட்டிக்கு முன்னால் ஒரு டைமண்ட் கட்டம் போட்டு, இரண்டு அம்புகளையும் அதில் சேர்த்து, அங்கிருந்து ஒற்றை அம்பாகப் பெட்டிக்குள் விட வேண்டும்.

கவனிச்சீங்களா? படம் ஒன்று, அம்பு ஒன்று, பெட்டி ஒன்று. முன்பு 'அல்லது' என்று படித்ததை இப்போது 'மற்றும்' என்று படிக்க வேண்டும். என் படத்தில் மேலே இருந்த டைமண்ட் கட்டம் புள்ளியை ஒரு பக்கம்தான் அனுப்பும், இரண்டு பக்கமும் அனுப்பவே அனுப்பாது. ஆகவே கீழே இருந்த பெட்டி வராத புள்ளிக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. அந்தப் படத்தை நம்பிப் புது மென்பொருளை எழுதியிருந்தால், பாய்லரில் தண்ணீர் குறையும், மணி அடிக்கும், எரிபொருள் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

மாடல்களை டூலுக்கு டூல் எடுத்துப்போக எக்ஸ்.எம்.ஐ. என்ற பொது வடிவம் ஒன்று அப்போதே இருந்தது. அதை எல்லாரும் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள், அது தனிப் புலம்பல், இங்கே வேண்டாம். எங்கள் புது டூல் அதைப் படித்தது. பழைய அம்புக்குப் புது அம்பு, பழைய பெட்டிக்குப் புதுப் பெட்டி என்று ஒன்றுக்கு ஒன்றாக மாற்றியது. ஒன்றைக்கூட விடவில்லை. விடுபட்டது, பழைய படத்தில் இல்லாத, புதுப் படத்தில் இருந்தாக வேண்டிய ஒரு டைமண்ட் கட்டம்.

டூல்கள் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். ஆர்கோயூ.எம்.எல். என்று ஓர் இலவச டூல். கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் ஜேசன் ராபின்ஸ் தொடங்கியது. அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் யூ.எம்.எல். கற்றுக்கொண்டதே அதில்தான். அது 1.4 பதிப்பின் இலக்கணத்தை அடித்தளமாக வைத்துக் கட்டப்பட்டது. மேலே இருக்கிற ஜன்னல் கதவை மாற்றலாம், அடித்தளத்தை மாற்றுவது வேறு விஷயம். தன்னார்வலர்கள் பல வருஷம் உழைத்தும் அது கடைசிவரை 1.4-லேயே நின்றுவிட்டது. அதிலிருந்து பிரிந்துபோய் ஹாம்பர்க்கில் வணிக டூலாக வளர்ந்த பொசைடன் 2-க்குத் தாவியது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்தவர்களால் முடிந்தது.

சரி, மொழியை மாற்றவும் வேண்டும், பழசும் பிழைக்க வேண்டும். இதை யாராவது ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள், அதுவும் கொஞ்சமும் எதிர்பாராத ஒரு மூலையில். மேற்கத்திய இசையைத் தாளில் அச்சிடும் லிலிபாண்ட்.

1990களின் நடுவில் ஹான்-வென் நீன்ஹைஸ், யான் நீவன்ஹைசன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் இதைத் தொடங்கினார்கள். இருவரும் இசைக்குழுவில் வாசித்தவர்கள். கம்ப்யூட்டர் அச்சிடும் இசைத்தாள்கள் அழகாக இல்லை, பழைய செதுக்கல்காரர்களின் கைவேலை மாதிரி வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. சுரங்களை எழுத்தாகத் தட்டச்சு செய்தால் லிலிபாண்ட் அதை இசைத்தாளாக வரைந்து தரும். சரியான துறைசார் மொழி: எழுதுவது மாடல், இசைத்தாள் விளைவு.

அந்த மொழி தொடக்கத்தில் ரொம்ப வேகமாக மாறியது. ஒரு உதாரணம் சொல்றேன். வேகமான சுரங்கள் நாலைந்தை ஒரு தடித்த கோட்டால் சேர்த்துக் கட்டுவார்கள். பழைய இலக்கணத்தில், முதல் சுரத்துக்கு முன்னால் சதுர அடைப்புக்குறி திறக்க வேண்டும். 2003-ல் வந்த 2.0 பதிப்பில் அது முதல் சுரத்துக்குப் பின்னால் வர வேண்டும் என்று மாற்றினார்கள். ஒரு சுரத்துக்குச் சேர வேண்டிய குறி எல்லாம் அந்தச் சுரத்தின் பின்னாலேயே வரட்டும் என்ற ஒழுங்குக்காக. நியாயமான மாற்றம். ஆனால் அதுவரை உலகத்தில் எழுதப்பட்டிருந்த லிலிபாண்ட் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் தப்பாகிவிடும்.

அவர்கள் இரண்டு பழக்கங்கள் வைத்திருந்தார்கள். ஒன்று, கோப்பின் தலைப்பிலேயே எந்தப் பதிப்பின் மொழியில் எழுதியது என்று ஒரு வரி எழுத வேண்டும். சென்னையில் வீட்டு வாசலில் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று எழுதியிருக்குமே, அதில் 'பழைய', 'புதிய' என்ற இரண்டு சொற்களை அழித்துவிட்டுப் பாருங்க, தபால்காரர் கதி என்ன? அந்த ஒற்றை வரி செய்கிற வேலை அதுதான். இரண்டாவது, மொழியை மாற்றுகிற ஆள், அந்த மாற்றத்துக்கான விதியை கன்வர்ட்-லை என்ற சின்ன நிரலில் சேர்க்க வேண்டும். 'இந்தப் பதிப்பில் இது இப்படி மாறியது, பழைய கோப்பில் இதைக் கண்டால் அப்படி மாற்று.' கன்வர்ட்-லை உங்கள் கோப்பின் பதிப்பு வரியைப் படித்து, அங்கிருந்து இன்றுவரை உள்ள விதிகளை வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வரும். ஒரேயடியாகப் பத்து வருஷம் தாவாது, படிப்படியாக நடந்து வரும்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. சில மாற்றங்களை எந்த விதியாலும் செய்ய முடியாது, எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் முடியும். அந்த இடங்களில் கன்வர்ட்-லை ஏதோ ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுவதில்லை. இதை மாற்றுமளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் இல்லை, கையேட்டைப் பார்த்து நீங்களே கையால் மாற்றுங்கள் என்கிற மாதிரி ஒரு செய்தியைத் திரையில் போடும். பாய்லர் படங்களை மாற்றிய எங்கள் டூலுக்கு இந்த அடக்கம் இருந்திருந்தால்!

இசைக்காரர்கள் கைப்பழக்கமாகச் செய்ததை ஆராய்ச்சி உலகம் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டது கொஞ்சம் பிந்தித்தான். மெட்டாமாடலும் மாடலும் சேர்ந்தே மாற வேண்டும் என்பதால் இதற்குக் கூட்டுப் பரிணாமம் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கட்சிகள் உருவாகின. பழைய இலக்கணம், புது இலக்கணம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்திலிருந்து மாற்று விதிகளைக் கண்டுபிடிக்கலாம் என்றது ஒரு கட்சி. மாற்றும்போதே பதிவு செய்துகொள் என்றது இன்னொன்று.

முதல் கட்சியின் தொல்லையை ஒரு உதாரணத்தில் காட்டிவிடலாம். பழைய இலக்கணத்தில் 'வண்டி' என்ற பெட்டிக்குள் 'எண்' என்று ஒரு புலம். புது இலக்கணத்தில் 'எண்' இல்லை, 'பதிவெண்' இருக்கிறது. இது பெயர் மாற்றமா? அல்லது 'எண்' என்பதை ஒழித்துவிட்டு, சம்பந்தமில்லாத 'பதிவெண்' ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்களா? ஒப்பிட்டுப் பார்க்கும் டூலுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒழித்தார்கள் என்று முடிவு செய்தால் அத்தனை வண்டிகளின் எண்ணும் அழிந்துபோகும். பெயர் மாற்றம் என்று முடிவு செய்து, பழைய 'எண்' உண்மையில் சேசிஸ் எண்ணாக இருந்துவிட்டால், தப்பான விவரம் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எது உண்மை என்று அன்றைக்கு மாற்றிய ஆளுக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கே தெரியாது.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹெர்மன்ஸ்டூர்ஃபர் இந்த இடத்தைத்தான் பிடித்தார். 2009-ல் அவரும் சகாக்களும் கோப் என்ற டூலை முன்வைத்தார்கள். மொழியைத் திருத்தும் எடிட்டருக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கும். 'பெயர் மாற்று', 'இந்தப் புலத்தை மேல் வகுப்புக்குத் தூக்கு' என்று ஒவ்வொரு திருத்தமும் ஒரு செயலாக நடக்கும். ஒவ்வொரு செயலும் இலக்கணத்தையும் திருத்தும், பழைய மாடலை எப்படி மாற்றுவது என்பதையும் கூடவே எழுதிவைக்கும். கடைசியில் உங்கள் கையில் மிஞ்சுவது மொழியின் நாட்குறிப்பு. இந்த வேலைதான் பிறகு எக்ளிப்ஸில் எடாப்ட் என்ற திட்டமானது. இங்கிலாந்தின் யார்க்கில் லூயிஸ் ரோஸும் சகாக்களும் ஃப்ளாக் என்ற மொழியைச் செய்தார்கள். புது இலக்கணத்துக்கு ஒத்துப்போவதை எல்லாம் அது தானே நகல் எடுத்துக்கொள்ளும், ஒத்துப்போகாததற்கு மட்டும் மனிதர் விதி எழுதினால் போதும். 1997-ல் ஐரோப்பாவில் பிறந்த மாடலிக்கா என்ற மொழியிலும் இதே பழக்கம் உண்டு. அது கார், பவர் பிளான்ட் போன்றவற்றைச் சமன்பாடுகளாக எழுதும் மாடலிங் மொழி. நூலகத்தின் புது வெளியீட்டோடு, பழையதை வைத்து எழுதியவர்களின் மாடல்களை மாற்றும் விதிகளையும் சேர்த்தே கொடுப்பார்கள். 2020-ல் வந்த 4.0 வெளியீட்டில் அளவை அலகுகள் இருந்த தொகுப்பின் பெயரே மாறியது. கிட்டத்தட்ட எல்லா மாடல்களும் தொடுகிற பெயர் அது. விதி கூடவே வந்ததால் உலகம் அமைதியாக இருந்தது.

மியூனிக்காரர்களின் ஆய்வில் ஒரு வகைப்பாடு இருக்கிறது. சில மாற்றங்கள் எந்த மொழிக்கும் பொது, ஒரு தடவை எழுதி எங்கும் பயன்படுத்தலாம். சில அந்த ஒரு மொழிக்கே உரியவை, யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். மூன்றாவது வகையில் மாடலுக்கு மாடல் பதில் வேறாகும், மாடலுக்கு வெளியே இருக்கும் தகவல் இல்லாமல் மாற்றவே முடியாது. கன்வர்ட்-லை கையை விரிக்கிற இடம் இதுதான்.

இந்த ஆராய்ச்சிகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். மாற்றிய மாடல் புது இலக்கணத்துக்கு ஒத்துப்போகிறதா என்பதையே பெரும்பாலும் பரீட்சையாக வைக்கிறார்கள். என் பாய்லர் படம் அந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கும்! ஒரு பெட்டிக்குள் இரண்டு அம்புகள் வரக்கூடாது என்று யூ.எம்.எல். 2-ல் விதி ஏதும் இல்லை. இலக்கணப்படி அது சுத்தமான படம். 2010-ல் ஸ்பெயினின் மாலகாவில் நடந்த மாடல் மாற்றும் டூல்களின் போட்டியில், யூ.எம்.எல். 1.4 ஆக்டிவிட்டி டயகிராமை 2.2-க்கு மாற்று என்பதையே ஒரு கேள்வியாக வைத்தார்கள் என்று பிறகு படித்தபோது, அடடா, நம்ம கஷ்டம் பரீட்சைக் கேள்வியாகிவிட்டதே என்று சிரித்துக்கொண்டேன்.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறேன். 43 படங்களையும் பிரிண்ட் எடுத்து, ஒரு பெட்டிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அம்பு வரும் இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். ஒன்பது படங்களில் இருந்தது. வரைந்தவர் ஓய்வு பெற்றுச் சில வருஷமாகியிருந்தது. நம்பர் வாங்கி ஃபோன் செய்தேன். ஒவ்வொரு படமாக நான் வாயால் விவரித்தேன்.

"தம்பி, ரெண்டு அம்புல எது வந்தாலும் போதும்னுதான் அர்த்தம். அப்போ அப்படித்தான் வரைவோம். நான் தப்பா ஒண்ணும் வரையலியே?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த பதற்றம் இன்னும் காதில் இருக்கிறது. இல்லைங்க சார், நீங்க வரைஞ்சது சரிதான், மொழிதான் மாறிடுச்சு என்றேன். எட்டுப் படங்களுக்கு உடனே பதில் சொன்னார். எட்டு டைமண்ட் கட்டங்களைப் போட்டேன்.

ஒன்பதாவது படத்தில் மட்டும் நின்றார். ஒரு வால்வை மூடச் சொல்லும் பெட்டி, அதற்கு இரண்டு அம்புகள். "இது... ஒண்ணு வந்தா போதும்னு வரைஞ்சேனா, ரெண்டும் வரணும்னா? ஞாபகம் இல்லப்பா. பாய்லர் வெச்சிருக்கறவங்ககிட்டதான் கேக்கணும்."

அந்த ஆலைக்கே போனேன். வயதான ஆபரேட்டர் ஒருவரிடம் படத்தை விரித்துக் காட்டி, இந்த வால்வை மூட ஒரு காரணம் போதுமா, இரண்டும் சேர்ந்து வர வேண்டுமா என்று கேட்டேன். அவர் படத்தைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த வால்வக் கழட்டி நாலு வருஷம் ஆச்சே சார்" என்றார்.